பச்சோந்தியின் கூண்டில் பசுஞ்செடிகள்

அயல்நாடுகளில் வளரும் பேரப்பிள்ளைகள் பாட்டியரிடம் கேட்கும் கேள்விகள் இக்காலத்தில் பலவிதமாகிவிட்டன. ஜெர்மனியில் மகளையும் மருமகனையும் உடைய வாசகி ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதம் அத்தகைய கேள்வி ஒன்றைத் தாங்கி வந்திருக்கிறது. அவருடைய பேரன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஏமன் நாட்டு இனத்தைச் சேர்ந்த பச்சோந்தி ஒன்றை அவன் அன்போடு வளர்த்து வந்தான். கூண்டு வெறிச்சென்று இருக்கிறதே என்று எண்ணி, கடையில் பளபளவென்று மின்னிய செடியொன்றை வாங்கிவந்து அன்றே உள்ளே வைத்தான். சில வாரங்களில் அப்பிராணி இரை எடுக்க மறுத்து, பகலிலும் கண்களை மூடியவாறே இருந்து, இறந்துவிட்டது. இப்போது பெற்றோர் வேறொன்று வாங்கித் தர இசைந்திருக்கின்றனர். “உங்களுக்குத்தான் செடிகளைப் பற்றி எல்லாம் தெரியுமே பாட்டி, எந்தச் செடியை வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் கேட்டானாம். “எனக்கு மருக்கொழுந்தும் துளசியும் தெரியும்; பச்சோந்திக்கு எது ஆகும் என்று நான் எங்கே கண்டேன்?” என்று எழுதுகிறார் அந்தப் பாட்டி.

முதற்பிராணி எதனால் இறந்தது என்று இங்கிருந்தவாறு தீர்ப்புக் கூறுவது முறையன்று. நீர்ப்பற்றாக்குறை, ஒளிக்குறைவு, குடற்புழு, சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஆகிய பல காரணங்களாலும் இவ்வினம் நலிவடையும். ஆயினும், புதிதாக வாங்கிய செடியை அன்றே கூண்டினுள் வைத்தல் ஆபத்தான செயல் என்பதில் ஐயமில்லை. அதனைத் தவிர்க்கும் வழியே இத்திங்கள் நமது பகுதியின் பொருள்.

செடி எதற்கு?

பச்சோந்தி மரத்தில் வாழப் படைக்கப்பட்ட உயிர். அதன் கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து, இடுக்கி போலக் கிளையைப் பற்றுகின்றன. வால் ஐந்தாம் கையாக உதவுகிறது. இரு கண்களும் தனித்தனியே சுழன்று வெவ்வேறு திசைகளைப் பார்க்கின்றன. நாவோ உடலின் நீளத்தையும் மிஞ்சி நீண்டு இரையைக் கவர்ந்து வருகிறது. இத்தகைய உயிரை வெறுங்கூண்டில் விடுவது, மீனைத் தரையில் விடுவதற்குச் சற்றே குறைந்த கொடுமையாகும்.

செடியால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, நீர். பெரும்பாலான பச்சோந்திகள் கிண்ணத்தில் தேங்கி நிற்கும் நீரை நீரென்று அறிந்து பருகுவதில்லை. இலைநுனியில் தொங்கும் துளியையும், இலைமேல் உருளும் பனியையும் நாவால் ஏந்திக் குடிப்பதே அவற்றின் இயல்பு. ஆகவே இலையே அவற்றின் தண்ணீர்க் குவளை. இரண்டாவது, மறைவு. இவை தனித்து வாழும் பிராணிகள். மனிதரும் நாயும் நடமாடும் அறையில் நாள் முழுவதும் வெளிப்பட்டு இருக்க நேர்ந்தால் ஓயாத அச்சத்தால் மெலிந்துபோகும். தழைகளுக்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தால் அமைதியாக வாழும். மூன்றாவது, ஈரக்காற்று. உயிருள்ள செடி தன் இலைகளின் வழியே நீராவியை வெளிவிட்டுக் கூண்டின் காற்றை மென்மையாக்குகிறது. துணியாலும் நெகிழியாலும் செய்த போலிச் செடி முதலிரண்டை ஓரளவு செய்யக்கூடும், மூன்றாவதைச் செய்யாது. அன்றியும் இலையைக் கடித்துண்ணும் பிராணி நெகிழித் துண்டை விழுங்கினால் அது குடலை அடைத்துக்கொள்ளவும் கூடும்.

இவ்விடத்தில் ஏமன் பச்சோந்தியின் தனிப்பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைமேல் உயர்ந்த முகடு உடைய இவ்வினம் ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் இயற்கையாக வாழ்கிறது. பூச்சிகளோடு இலை, பூ, கனி ஆகியவற்றையும் உண்கிறது. மடகாஸ்கர் தீவின் வண்ணப் பச்சோந்தியும், கென்யா, டான்சானியா நாடுகளின் மும்மூக்குக்கொம்புப் பச்சோந்தியும் பெரும்பாலும் பூச்சியுண்ணிகளே. ஆதலால் ஏமன் இனத்தை வளர்ப்போர், கூண்டில் வைக்கும் ஒவ்வோர் இலையும் ஒருநாள் உண்ணப்படும் என்று கொண்டே செடியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். “அது கடிக்காது” என்னும் நம்பிக்கை இங்குச் செல்லாது.

பிராணிக்குத் தானே தெரியாதா?

“எது நஞ்சு, எது உணவு என்று விலங்குக்கு இயல்பாகவே தெரியுமே” என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். பிறந்த மண்ணில் வாழும் விலங்குக்கு அது ஓரளவு பொருந்தும். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணின் செடிகளோடு பழகிய இனம் அது. ஆனால் ஏமன் மலைச்சரிவில் வாழ வேண்டிய உயிர், தென்னமெரிக்கச் செடி வைத்த கூண்டில், ஐரோப்பிய வீடொன்றில் வாழும்போது அந்த இயல்பறிவு துணைக்கு வருவதில்லை.

இதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மின்மினி இனம் ஒன்றின் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. அந்நாட்டுப் பல்லி இனங்கள் அதனை விலக்கி வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தாடி ஓணான்களோ, வளர்ப்போர் அறியாமல் கொடுத்த மின்மினியை ஆவலோடு விழுங்கி மாண்டன. 1999-ஆம் ஆண்டில் ஆய்வேடு ஒன்றில் இது பதிவாயிற்று. பழகாத நாட்டின் நஞ்சைப் பிராணி அறியாது. அறிய வேண்டியவர் அதனை அங்கே கொண்டுவந்த மனிதரே.

பெயரால் வரும் குழப்பம்

செடி வாங்கச் செல்வோர் முதலில் கற்க வேண்டியது அச்செடியின் அறிவியற் பெயரை. வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். நாம் ‘மணிபிளாண்ட்’ என்று அழைக்கும் கொடியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அப்பெயர் எபிப்ரெம்னம் ஆரியம் என்னும் படர்கொடியையே குறிக்கும். மேலைநாடுகளிலோ பணச்செடி, பணமரம் என்னும் பொருள்படும் பெயர்களால் அழைக்கப்படுவன நான்கைந்து வேறு செடிகள். தடித்த இலையுடைய கிராசுலா ஒன்று, வட்ட இலையுடைய பைலியா மற்றொன்று, பின்னலிட்ட தண்டுடைய பச்சிரா இன்னொன்று. பாட்டி இங்கிருந்து “மணிபிளாண்ட் வை” என்று சொல்ல, பேரன் அங்கே வேறொன்றை வாங்கிவர எத்துணை எளிதாக நேர்ந்துவிடும்! செம்பருத்திக்கே யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை என்று பெயர். ஆகவே தொட்டியில் செருகியுள்ள சீட்டில் அறிவியற் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். பெயர் தெரியாத செடி எத்துணை அழகாக இருப்பினும் கூண்டிற்கு ஆகாது.

வைக்கத் தக்கவை

செம்பருத்தியை முதலில் வைப்போம். இதன் இலையும் பூவும் ஏமன் பச்சோந்தி விரும்பி உண்பவை, தீங்கு செய்யாதவை. கிளைகள் உறுதியானவை. ஆனால் இதற்கு மிகுந்த ஒளி வேண்டும். ஒளி குறைந்தால் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும். மாவுப்பூச்சியும் அசுவினியும் இதனை எளிதில் பற்றுவதால், கடைக்கு வருமுன் மருந்து தெளிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. எனவே பின்னர்க் கூறும் தூய்மை முறைகள் இதற்கு இருமடங்கு தேவை.

அடுத்து, நமது வீட்டு மணிபிளாண்ட் கொடி. பசிபிக் பெருங்கடலின் தீவொன்றில் தோன்றி உலகெங்கும் பரவிய இக்கொடி, குறைந்த ஒளியிலும் ஈரத்திலும் தழைப்பதால் பச்சோந்தி வளர்ப்போர் பலரின் முதல் தேர்வாக இருக்கிறது. இதன் இலையில் ஊசி போன்ற சுண்ணாம்பு ஆக்சலேட்டுத் துகள்கள் உண்டு. அதனால் நாய், பூனை ஆகியவற்றிற்கு ஆகாத செடிகளின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. குழந்தைகள் மென்றாலும் வாய் எரியும். பச்சோந்திகளோ இதனை அவ்வப்போது கடித்தும் கேடின்றி வாழ்வதை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். பூனைக்கென எழுதிய பட்டியலை அப்படியே பச்சோந்திக்குப் பொருத்துவது சரியாகாது என்பதற்கு இக்கொடி எடுத்துக்காட்டு. எனினும் நாள்தோறும் இதையே மேயும் பிராணியாயின், கொடியை எட்டாத இடத்திற்கு மாற்றிச் செம்பருத்தியைத் தருவதே அறிவுடைமை.

குடை விரித்தாற்போல் இலைகள் அமைந்த ஷெஃப்லரா ஆர்போரிகோலா மற்றொன்று. தைவான் தீவைத் தாயகமாகக் கொண்டது. இலைகள் குழிந்து நீர்த்துளியை ஏந்தும். தண்டு பிராணியின் எடையைத் தாங்கும். இதிலும் ஆக்சலேட்டு உண்டு; மேற்சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த சிற்றிலை ஃபைகஸ் பெஞ்சமினா கிளைகள் அடர்ந்து, ஏறி இறங்க மிகவும் ஏற்றது. ஆனால் ஆலைப் போலவே இதிலும் பால் உண்டு. அப்பால் கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாக்கும். ஆகவே கிளை நறுக்குவதைக் கூண்டிற்கு வெளியே செய்து, பால் வடிந்து உலர்ந்தபின் கழுவி உள்ளே வைத்தல் வேண்டும். இடம் மாற்றினால் இலைகளை உதிர்க்கும் கோபக்காரச் செடி இது. ஓரிடத்தில் வைத்தால் அங்கேயே இருக்க விடுதல் நன்று.

மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அரிகா பனை, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த குளோரோஃபைட்டம், போஸ்டன் பெரணி ஆகியவை நாய் பூனைகளுக்கும் நஞ்சற்றவை. தண்டு மெல்லியவையாதலால் ஏறுவதற்கன்றிக் கீழ்ப்பகுதியில் மறைவிற்கும் ஈரத்திற்கும் பயன்படும்.

விலக்க வேண்டியவை

அரளியை முதலில் சொல்வோம். நம் ஊரில் இதன் தன்மையை அறியாதார் இல்லை. இலை, பூ, தண்டு, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. ஆனால் ஜெர்மனியில் இதே அரளி கோடைக்காலத்தில் வீட்டு முற்றங்களை அணி செய்யும் பெருந்தொட்டிச் செடி. அதன் பூவழகைக் கண்டு ஒரு கிளையை ஒடித்துக் கூண்டில் வைத்துவிட வேண்டாம். பொன்னரளியும் அத்தகையதே.

பெரிய புள்ளியிலைகளோடு வரவேற்பறைகளில் நிற்கும் டைஃபன்பேக்கியாவும் ஆகாது. இதன் தண்டை மென்றவருக்கு நாவும் தொண்டையும் வீங்கிப் பேச்சே அடைபடும். மணிபிளாண்டில் உள்ள அதே வகைத் துகள்தான் இதிலும் உள்ளது. ஆனால் இது தரும் வேதனை மிகக் கடுமையானது. உன்னிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, குரோட்டன் ஆகியவற்றையும் விலக்குக. உன்னிச்செடியை மேய்ந்த கால்நடைகளுக்கு ஈரல் கெடுவதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவர். குளிர்நாடுகளில் வேலியாக வளரும் யூ மரமும், அசேலியாப் பூஞ்செடியும், ஆங்கில ஐவி கொடியும், வசந்தத்தில் மணியாகப் பூக்கும் பள்ளத்தாக்கு லில்லியும் இப்பட்டியலைச் சேர்ந்தவை. முள்ளுள்ளவையும், விளிம்பு கூரியவையும் நஞ்சற்றவையாயினும் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்யும்.

கழுவினாலும் போகாத நஞ்சு

இதுவரை கூறியது செடி தானே பிறப்பில் கொண்ட நஞ்சு. இனிக் கூறுவது மனிதர் அதில் ஏற்றிய நஞ்சு. நல்ல செடியைக் கெட்ட செடியாக்குவது இதுவே.

விற்பனைக்கு வரும் செடிகளில் பூச்சி அரித்த இலையை எவரும் வாங்குவதில்லை. ஆகவே வளர்ப்பவர்கள் மருந்திடுகின்றனர். அம்மருந்து இருவகைப்படும். ஒன்று இலையின் மேற்புறத்தில் படிவது. இதனை நீரால் பெரும்பாலும் கழுவிவிடலாம். மற்றொன்று மண்ணில் இடப்பட்டு, வேர் வழியே உறிஞ்சப்பட்டு, சாற்றோடு கலந்து இலை, பூ, தளிர் எங்கும் பரவுவது. இமிடாக்ளோப்ரிட் இவ்வகையைச் சேர்ந்தது. இதனை எந்த நீரும் கழுவாது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் செடியினுள் தங்கும். புதிதாக வரும் தளிரிலும் அது இருக்கக்கூடும்.

பச்சோந்தி அவ்விலையைத் தின்றால்தான் ஆபத்து என்று எண்ணற்க. இரைக்காகக் கூண்டில் விடும் சுவர்க்கோழிகள் இரவில் அச்செடியைக் கடிக்கும். மறுநாள் அவற்றைப் பச்சோந்தி விழுங்கும். இலையே உண்ணாத வண்ணப் பச்சோந்திக்கும் இவ்வழியே நஞ்சு சென்று சேரலாம்.

மேலும், இலைக்குப் பளபளப்பூட்டும் மெழுகுத் தெளிப்பு ஒன்று உண்டு. தூசு துடைத்த இலைக்குரிய மிதமான பளபளப்பை மீறி, எண்ணெய் பூசினாற்போல் மின்னும் செடியைக் கண்டால் ஐயுறுக. மண்ணில் கலந்துள்ள சிறு உருண்டைகளையும் கவனிக்க வேண்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பவை மெதுவாகக் கரையும் உரம். வெண்ணிறத்தில் இலேசாக இருப்பவை பெர்லைட் என்னும் பொருள். பூச்சி என்று மயங்கிப் பச்சோந்தி அவற்றை நாவால் கவர்ந்து விழுங்குவதுண்டு.

ஆயத்தம் செய்யும் முறை

இனி, வாங்கிய செடியைக் கூண்டிற்கு உரியதாக்கும் வழியை வரிசைப்படுத்துவோம்.

1. வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். மருந்திட்டதா, என்ன மருந்து, எப்போது என்று வினவுவதில் வெட்கம் வேண்டா. விடை தெரியாத கடையைக் காட்டிலும், உண்ணும் கீரைகளையும் மூலிகைகளையும் மருந்தின்றி வளர்க்கும் தோட்டக்காரரிடம் வாங்குவது மேல். அனைத்தினும் மேலானது, பல ஆண்டுகளாக மருந்தே காணாத அண்டை வீட்டுச் செடியில் ஒரு துண்டு வாங்குதல். மணிபிளாண்ட் கொடியின் கணுவோடு கூடிய துண்டை நீரில் இட்டால் சில வாரங்களில் வேர் விடும். செலவும் இல்லை, அச்சமும் இல்லை.

2. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றியுள்ள பழைய மண்ணை உதிர்த்து, மீதியை நீரில் அலசி அகற்றுங்கள். வேர் அறுபடாமல் மெல்லச் செய்க. உர உருண்டைகள் ஒன்றும் எஞ்சலாகாது.

3. உரம் கலவாத புதுமண்ணில் நடுக. தேங்காய் நார்த்தூள் இதற்கு மிகவும் ஏற்றது. ஐரோப்பியக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கப்படும் நார்த்தூள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றதே. அதனை நீரில் நன்கு ஊறவைத்து, ஒருமுறை பிழிந்து, உப்பு நீங்கிய பின் பயன்படுத்துக.

4. இலைகளின் மேற்புறம், கீழ்ப்புறம், கணு, கவட்டை யாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் கழுவுக. மெழுகுப் படிவு இருப்பின் மிகச் சிறிதளவு மென்மையான சோப்பு நீரைத் துணியில் தோய்த்துத் துடைத்து, சோப்பு முற்றும் நீங்க மும்முறை அலசுக. பூச்சி முட்டைகள் பெரும்பாலும் இலையின் கீழ்ப்புறத்தில்தான் ஒட்டியிருக்கும்.

5. கழுவிய செடியைக் கூண்டிற்கு அப்பால் தனியிடத்தில் குறைந்தது 4 வாரங்கள் வைத்திருங்கள். மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, சிலந்திப்பேன் ஏதேனும் தோன்றினால் கையால் துடைத்தும் நீரால் அடித்தும் நீக்குக. மருந்து தெளிக்க வேண்டா. வேர்வழி மருந்து இட்டிருப்பார்களோ என்னும் ஐயம் இருந்தால் காத்திருப்பைச் சில மாதங்களாக நீட்டுக. அல்லது அச்செடியைச் சாளரத்தில் அழகுக்கு வைத்துவிட்டு வேறொன்று தேடுக.

6. வளர்ப்போர் சிலர் செய்யும் சோதனை ஒன்றுண்டு. அச்செடியின் சில இலைகளைச் சுவர்க்கோழிகள் உள்ள தனிப்பெட்டியில் இட்டு இரண்டு மூன்று நாள் கவனிப்பர். அவை துடித்து மாண்டால் செடியை விலக்கிவிடுவர். பிழைத்திருந்தால் மட்டும் செடி தூயது என்று முடிவு கட்டிவிடலாகாது. காத்திருப்பைக் குறைக்கும் உரிமையை இச்சோதனை தருவதில்லை.

7. இறுதியாக, தொட்டியின் மேல்மண்ணைக் கூழாங்கற்களால் மூடுக. கற்கள் பச்சோந்தியின் வாயில் கொள்ளாத அளவு பெரியனவாக இருத்தல் வேண்டும். மண்ணைத் தின்னும் பழக்கமுடைய பிராணிகளைக் காக்க இஃது எளிய வழி.

கூண்டினுள் அமைப்பு

வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கு அகலம் 60, ஆழம் 60, உயரம் 120 செண்டிமீட்டர் கொண்ட வலைக்கூண்டை வளர்ப்போர் பொதுவாகக் கொள்வர். உயரமே இதில் முதன்மையானது. இப்பிராணி உயரத்தில் இருக்கும்போதே பாதுகாப்பை உணர்கிறது. உயரமான செடியை ஒரு மூலையில் வைத்து, அதன் தழைகள் கூண்டின் நடுவுயரத்திற்கு மேலே அடர்ந்திருக்கச் செய்க. கொடியை மேலிருந்து தொங்கவிடுக. செடிகளின் ஊடே பல பருமன்களில் உலர்ந்த கிளைகளைக் குறுக்காகப் பொருத்துக; கிளையைக் கால் சுற்றிப் பிடிக்கும் பருமன் இருத்தல் நலம். சாலையோர மரத்துக் கிளைகள் வேண்டா. எங்கிருந்து கொண்டுவந்தாலும் கொதிநீர் ஊற்றிக் கழுவி நன்கு உலர்த்திய பின்னரே பயன்படுத்துக.

குளிர்காயும் விளக்கின் கீழே இலை நெருங்கினால் கருகும்; பிராணியும் இலையைப் பற்றி விளக்கின் மிக அருகே ஏறிச் சுட்டுக்கொள்ளும். ஆகவே அவ்விடத்தில் வெறுங்கிளை ஒன்றே இருக்கட்டும். அதிலிருந்து ஓரடி வைத்தால் நிழல் கிடைக்குமாறு தழைகள் இருக்கட்டும். வெயிலும் நிழலும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை அவ்வுயிருக்கு அளிப்பதே நல்ல அமைப்பின் இலக்கணம். பச்சோந்திக்குரிய புறஊதா விளக்கு மட்டும் செடிக்குப் போதாது. செடி வளர்விளக்கு ஒன்றும் தேவைப்படும்.

காலையிலும் மாலையிலும் இலைகள் நனையத் தூய நீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். இடையில் இலைகள் உலர்தலும் இன்றியமையாதது. எந்நேரமும் ஈரம் சொட்டும் கூண்டில் பூஞ்சை தோன்றிப் பிராணியின் நுரையீரலைக் கெடுக்கும். தொட்டியின் அடியில் துளையும் தட்டும் இருக்கட்டும். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுக. எச்சம் பட்ட இலைகளை வாரந்தோறும் துடைக்கவேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஓர் எச்சரிக்கை. ஊர்வன பலவற்றின் உடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். பிராணிக்கு அது தீங்கு செய்யாவிடினும் மனிதருக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும், கடும் வயிற்றுப்போக்கைத் தரும். செடியைத் தொட்டாலும் கூண்டைத் தொட்டாலும் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். கூண்டுத் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாகாது.

பகலில் கண்மூடி இருத்தல், இரை மறுத்தல், பிடி தளர்ந்து கீழே விழுதல் ஆகிய அறிகுறிகள் தோன்றினால் வீட்டு மருத்துவம் வேண்டா. ஊர்வனவற்றைக் கவனிக்கப் பயின்ற கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள். கூண்டிலுள்ள செடிகளின் பெயர்ச் சீட்டுகளையும் உடன் எடுத்துச் சென்றால் மருத்துவரின் பணி பாதி எளிதாகும். இதற்காகவே அச்சீட்டுகளைத் தூக்கி எறியாமல் சேமித்து வைத்தல் நன்று.

நம் ஊர்ச் சிறுவருக்கு

இதனைப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், வேலியில் ஊர்ந்து செல்லும் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கலாமோ என்று எண்ணக்கூடும். கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நமது பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்நாட்டில் காக்கப்படுகிறது. அதனைப் பிடிப்பதும், கூண்டில் வைப்பதும், விற்பதும் குற்றம். அயல்நாட்டுப் பச்சோந்திகளில் பெரும்பாலானவையும் 1973-இல் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வருவன. பதிவும் உரிய தாள்களுமின்றி அவற்றை வாங்குதல் ஆகாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையை நம் முன்னோர் வீணாகச் சொல்லவில்லை. வேலியிலேயே அது இருக்கட்டும். சற்றுத் தொலைவில் நின்று பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

பார்க்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ‘பச்சோந்தி’ என்பதை நாம் வசைமொழியாக்கிவிட்டோம். பக்கத்திற்குப் பக்கம் நிறம் மாறுவது என்று அதன்மேல் பழி சுமத்துகிறோம். உண்மையில் இருக்கும் இடத்திற்கு ஒப்ப நிறத்தை மாற்றுவது அதன் முதல் நோக்கமன்று. குளிர், வெப்பம், அச்சம், சினம், இணை தேடல் ஆகியவற்றையே அது நிறத்தால் காட்டுகிறது. தோலினுள் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் இம்மாற்றம் நிகழ்வதை, மடகாஸ்கர் வண்ணப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா அறிஞர்கள் 2015-இல் விளக்கினர். ஆக, பச்சோந்தி உள்ளத்தை மறைப்பதன்று. உள்ளதை உள்ளவாறு தோலின்மேல் எழுதிக் காட்டுவது. கருத்துக் குன்றிய நிறத்தோடு அது ஒடுங்கியிருந்தால் ஏதோ குறையென்று வளர்ப்பவர் அறிந்துகொள்ளலாம்.

பேசத் தெரியாத உயிரை வீட்டிற்குள் கொண்டுவருபவர், அதன் உணவுக்கும் நீருக்கும் மட்டுமன்றி, அது மிதிக்கும் கிளைக்கும் கடிக்கும் இலைக்கும் பொறுப்பேற்கிறார். காட்டில் ஒரு செடி ஆகாவிட்டால் பிராணி அடுத்த மரத்திற்குப் போய்விடும். கூண்டிலோ அடுத்த மரம் இல்லை. நாம் வைத்ததே அதற்கு உலகம். ஆதலால் பிராணியை வாங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செடியை வாங்குங்கள். கழுவுங்கள், மண் மாற்றுங்கள், காத்திருங்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு செடியைப் பிழைக்க வைக்கும் பொறுமை பிள்ளைக்கு இருக்கிறதா என்பதையும் பெற்றோர் கண்டுகொள்வர். செடிக்கு நாள்தோறும் நீரூற்ற மறவாத கைகளில்தான் உயிரை ஒப்படைக்கலாம்.